தீவு வாழ்வு: பாபடோசிற் குடியேறுவோர் பெறுவதும் இழப்பதும்



நாட்காட்டிகளிலும் விமானக் கம்பனிகளின் விளம்பரத் தாள்களிலும் கரிபியன் தீவொன்றின் படத்தைக் காணாதார் இலர். வெண்மணற் கரையும், கடலை நோக்கிச் சாய்ந்த தென்னையும், நீலமும் பச்சையும் கலந்த தெளிந்த நீரும், நிழலில் இடப்பட்ட வெற்று நாற்காலி ஒன்றும் அப்படத்தில் இருக்கும். பார்ப்பவர் உள்ளம் அந்நாற்காலியிற் சென்று அமர்ந்துவிடுகிறது. ஆயின், அப்படத்தில் இல்லாதவை பல. பாடசாலை இல்லை; மருத்துவமனை இல்லை; கடையில் விலையைப் பார்த்துத் தயங்கி நிற்கும் குடும்பத்தலைவி இல்லை; மாத முடிவில் வரும் மின்சாரக் கட்டணச் சீட்டும் இல்லை. பத்து நாட்கள் தங்கிவரச் செல்வோர்க்கு அப்படம் போதும். வாழச் செல்வோர்க்கோ படத்தில் இல்லாதவையே முக்கியமானவை.

கரிபியன் தீவுகள் பல. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சிலவற்றில் ஆங்கிலமும், சிலவற்றிற் பிரெஞ்சும், சிலவற்றில் ஸ்பானிய மொழியும் வழங்குகின்றன. சில எரிமலைத் தீவுகள். சில முருகைக்கல் தீவுகள். ஆகவே பொதுப்படப் பேசுவதிலும் ஒரு தீவை எடுத்து ஆராய்தலே தக்கது. அவ்வகையிற் பாபடோஸ் தீவு பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு. அண்மைக் காலத்தில், வெளிநாட்டாரைத் தன் கரைக்கு வந்து வாழுமாறு வெளிப்படையாகவே அழைத்த தீவு அது.

பாபடோஸ், மேற்கிந்தியத் தீவு வரிசைக்கும் கிழக்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கின்றது. அதன் பரப்பு 166 சதுர மைல். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பிற் பாதிக்கும் குறைவு. நீளம் 21 மைல். அகலம் 14 மைல். இச்சிறு நிலத்தில் ஏறக்குறைய 280,000 மக்கள் வாழ்கின்றனர். மிக உயர்ந்த இடமும் ஏறக்குறைய 1,100 அடி உயரமே உடையது. கிழக்குப் பகுதி நீங்கலாக ஏனைய நிலமெல்லாம் முருகைச் சுண்ணாம்புக் கல்லாலானது. மழைநீர் அக்கல்லினூடே வடிந்து நிலத்தடியில் தேங்குகின்றது. அந்நீரே குடிமக்களின் முதன்மையான நீராதாரம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் இயல்பை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, அத்தீவிற் குடியேறுவோர் பெறும் நன்மைகளை முதலில் நோக்குவோம்.

முதலாவது நன்மை காலநிலை. ஆண்டு முழுவதும் வெப்பம் பெரும்பாலும் 24 பாகை தொடக்கம் 31 பாகை வரையே நிற்கும். கிழக்கிலிருந்து இடையறாது வீசும் வியாபாரக் காற்று வெப்பத்தின் கடுமையைத் தணிக்கின்றது. திசெம்பர் முதல் மே வரை வரட்சியான பருவம். யூன் முதல் நவம்பர் வரை மழைப்பருவம். பனியும் இருளும் மிக்க வடதேசங்களில் முதுமையை எய்தியவர்க்கு இக்காலநிலை ஒரு மருந்து எனலாம்.

இரண்டாவது நன்மை மொழியும் ஆட்சியும். ஆங்கிலேயர் 1627 இற் குடியேறிய அத்தீவில் 1639 முதல் மக்கள் மன்றம் ஒன்று இருந்து வருகின்றது. தீவு 1966 நவம்பர் 30 இல் சுதந்திரம் பெற்றது. 2021 நவம்பர் 30 இற் குடியரசாயிற்று. ஆங்கில மொழி, ஆங்கிலச் சட்ட மரபு, வீதியின் இடப்பக்கமாக வாகனம் செலுத்தும் வழக்கம், கிறிக்கெற் ஆட்டத்தில் அடங்காத ஆர்வம் ஆகியவை இலங்கையிலிருந்து செல்வார்க்கும் புதியனவாகத் தோன்றா. வொறெல், வீக்ஸ், வால்கொற் என்னும் மூவரையும், அவர்களுக்குப் பின் சோபர்சையும் உலகுக்கு அளித்த மண் அது. ஞாயிற்றுக்கிழமையில் எந்தத் திடலின் ஓரத்தில் நின்றாலும் அந்நியர் ஒருவர்க்குப் பேச்சுத் துணைக்குக் குறைவிராது.

மூன்றாவது நன்மை கல்வி. ஆரம்பக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் அரசாங்கப் பாடசாலைகளில் நாட்டு மக்களுக்குக் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கிளையொன்று 1963 முதல் அங்கு இயங்கி வருகின்றது. கற்றவரை மதிக்கும் பண்பு அம்மக்களிடம் ஆழ வேரூன்றியது. கடைக்குள் நுழைபவர் காலை வணக்கம் கூறாமல் தம் தேவையைச் சொல்வாராயின் அதனை மரியாதைக் குறைவாக அங்குள்ளோர் கருதுவர். இத்தகைய ஊரிற் பிள்ளைகளை வளர்ப்பது பெற்றோர்க்கு ஆறுதலாகும்.

நாட்டின் நாணயம் 1975 முதல் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு இரண்டு என்ற நிலையான மாற்று வீதத்தைக் கொண்டுள்ளது. வெளியிலிருந்து பணம் கொணர்வோர்க்கு இது கணக்கை எளிதாக்குகின்றது. அவ்வாறு கொணரும் பணத்தைக் கொண்டு நிலம் வாங்குவோர், அதனை மத்திய வங்கியிற் பதிந்துவைத்தல் வேண்டும். பின்னர் நிலத்தை விற்று வெளியேற நேரின், அப்பதிவே பணத்தைத் திரும்பக் கொண்டு செல்லத் துணைபுரியும்.

இந்நன்மைகளையெல்லாம் முன்வைத்தே 2020 யூலையில் அத்தீவின் அரசாங்கம் புதியதொரு குடிவரவு அனுமதியை ஏற்படுத்தியது. கொரோனாத் தொற்றினால் உல்லாசப் பயணிகள் வராதொழிந்து, விடுதிகள் மூடப்பட்டுக் கிடந்த காலம் அது. வெளிநாட்டு நிறுவனமொன்றிற் பணிபுரிபவர், தம் வேலையைக் கணினி வழியாகத் தீவிலிருந்தே செய்துகொண்டு பன்னிரண்டு மாதம் அங்கு வாழலாம் என அரசாங்கம் அறிவித்தது. அதற்கு ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டொலராக இருத்தல் வேண்டும். கட்டணம் தனியொருவர்க்கு 2,000 டொலர், குடும்பத்துக்கு 3,000 டொலர் என விதிக்கப்பட்டது. அத்தகையோர் உள்ளூர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரிலே தொழில் பார்த்தலும் கூடாது. இந்த நிபந்தனையை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. இதன் உட்பொருள் பின்னர் விளங்கும்.

இனித் தீமைகளை நோக்குவோம்.

முதலிற் கண்ணிற் படுவது விலைவாசி. உண்ணும் உணவிற் பெரும்பகுதியும், உடுக்கும் துணியும், ஓட்டும் வாகனமும், மின்சாரம் உண்டாக்கும் எண்ணெயிற் பெரும்பங்கும் கப்பலில் வந்து இறங்குகின்றன. கப்பற் கூலி, சுங்கத் தீர்வை, அவற்றின் மேல் நூற்றுக்குப் பதினேழரை வீதமான பெறுமதி சேர் வரி என ஒவ்வொன்றாக ஏறும்போது, பிறந்த ஊரிற் சாதாரணமாக வாங்கிய பொருள் அங்கு அருமையான பொருளாகிவிடுகின்றது. ஈரப்பலாவும் வற்றாளையும் பறவை மீனும் உண்டு பழகியவர் ஓரளவு தப்பலாம். பிறந்த நாட்டு உணவையே விரும்புவோர் அவ்விருப்பத்துக்கு இருமடங்கு விலை கொடுத்தாலும் வியப்பில்லை.

இரண்டாவது தண்ணீர். கடல் சூழ்ந்த அத்தீவு நன்னீர்ப் பஞ்சமுடைய நாடுகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. வரட்சிப் பருவத்திற் சில பகுதிகளிற் குழாய்நீர் தடைப்படும்; பழைய குழாய்களினூடே நிறம் மாறிய நீரும் வரும். பெரிய புதுவீடு கட்டுவோர் மழைநீர்த் தொட்டியும் கட்டுதல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் பெட்டிகள் 1970 களிலிருந்தே அத்தீவின் கூரைகளில் ஏறியுள்ளன. இயற்கை கொடுத்ததைச் சிக்கனமாகப் பயன்படுத்த அம்மக்கள் கற்றுக்கொண்டனர். குடியேறுவோரும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது புயல். யூன் முதலாந் திகதி தொடக்கம் நவம்பர் 30 வரை அப்பிரதேசத்துக்குச் சூறாவளிக் காலம். பாபடோஸ் ஏனைய தீவுகளுக்குக் கிழக்கே ஒதுங்கி நிற்பதால், பல புயல்கள் அதன் வடக்கே திரும்பிச் சென்றுவிடுகின்றன. இந்த நல்லூழை நம்பி அயர்ந்திருத்தல் தவறு. 1955 செப்தெம்பரில் வீசிய யானெற் என்னும் சூறாவளி உயிர்களைப் பறித்து, ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. அதன்பின் 66 ஆண்டுகள் கழித்து, 2021 யூலையில் எல்சா என்னும் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 2024 யூலை முதலாந் திகதி பெரில் என்னும் சூறாவளி தீவின் தெற்கே கடலிற் சென்றபோதிலும், அதன் அலைகள் மீன்பிடிப் படகுகளைத் துறைமுகத்திலேயே உடைத்தன. அயற்றீவுகள் பட்ட துன்பமோ இதனினும் பெரிது. 2017 இல் மரியா என்னும் சூறாவளி தொமினிக்காத் தீவைச் சிதைத்தது. அதே ஆண்டில் இர்மா தாக்கியபின் பாபுடாத் தீவின் மக்கள் அனைவரையும் வெளியேற்ற நேர்ந்தது.

தனக்கென எரிமலை இல்லாத பாபடோசும் எரிமலையின் தொல்லைக்குத் தப்பவில்லை. மேற்கே ஏறக்குறைய நூறு மைல் தொலைவிலுள்ள சென் வின்சென்ற் தீவில், 2021 ஏப்பிரிலிற் சூபிரியேர் எரிமலை குமுறியபோது, அதன் சாம்பல் பாபடோசின் மேல் விழுந்து பகலை இருளாக்கியது. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. கடலும் எக்காலத்தும் படத்திலுள்ளவாறு இருப்பதில்லை. 2011 முதல், சார்காசம் என்னும் கடற்பாசி பல ஆண்டுகளிற் பெருந்திரளாகக் கரையில் ஒதுங்கி அழுகி நாறுகின்றது.

நான்காவது தீவின் சிறுமை. பிரிட்ஜ்டவுன் நகரில் 1964 இல் திறக்கப்பட்ட எலிசபெத் மகாராணி மருத்துவமனை உண்டு. எனினும் அரிய நோய்க்குரிய சிகிச்சை சிலவற்றுக்கு வெளிநாடு செல்லவேண்டி வரும். காப்புறுதி இல்லாத வெளிநாட்டார்க்கு அது பெருஞ்செலவு. வாரமொன்றிற் கண்டு முடிக்கத்தக்க ஊரில் ஆண்டுகளைக் கழித்தல் சிலர்க்கு அமைதி, சிலர்க்குச் சிறை. ஒருவர் செய்யும் காரியம் காலையில் நிகழின் மாலைக்குள் ஊர் முழுதும் அறியும். ஒழுங்குக்குப் பேர்போன அத்தீவிலும் துப்பாக்கிக் குற்றங்கள் பெருகியுள்ளன என்பதையும் மறைத்தலாகாது; 2019 இற் கொலைகளின் தொகை அதற்குமுன் அங்கு காணாத அளவை எட்டியது.

நன்மையும் தீமையும் இவ்வாறிருக்க, இவற்றைத் தராசின் இரு தட்டிலும் இட்டு நிறுப்பது எவ்வாறு? இதற்கு விடை தேட, அத்தீவின் சொந்த மக்கள் செய்ததை நோக்குதல் வேண்டும். பிறர் வந்து வாழ விரும்பும் அத்தீவை விட்டு, அதன் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெளியேறியிருக்கின்றனர்.

அடிமை முறை 1834 இல் ஒழிக்கப்பட்டு, 1838 இல் உழைப்பாளர் முழு விடுதலை பெற்றனர். ஆயின் நிலமெல்லாம் கரும்புத் தோட்டத் துரைமாரிடமே இருந்தது. தோட்டத்து நிலத்தில் வாடகைக்குக் குடியிருந்த உழைப்பாளி, தனக்கென மரத்தால் ஒரு சிறுவீட்டைக் கட்டிக்கொண்டான். அவ்வீடு அத்திவாரமின்றிக் கற்களின் மேல் நிறுத்தப்பட்டது. வேண்டியபோது பலகை பலகையாகக் கழற்றி வேறிடம் கொண்டு செல்லத்தக்கது. துரையோடு பிணக்கு உண்டானால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். இன்று உல்லாசப் பயணிகள் அழகெனப் படம் பிடிக்கும் அம்மரவீடு, நிலமற்ற மக்களின் நிலையாமைக்குச் சாட்சியாகும்.

பனாமாக் கால்வாயை அமெரிக்கர் 1904 முதல் 1914 வரை வெட்டியபோது, ஏறக்குறைய 20,000 பாபடோஸ் மக்கள் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். ஒப்பந்தமின்றித் தாமே சென்றோரும் மிகப் பலர். வெடிமருந்தாலும் நோயாலும் மாண்டவர் போக, எஞ்சியோர் அனுப்பிய பணம் ஊரில் துண்டு நிலங்களாயிற்று. பின்னர் 1956 முதல் இலண்டன் மாநகரின் பேருந்துகளுக்கும் நிலக்கீழ்ப் புகையிரதங்களுக்கும் பாபடோசிலேயே ஆட்சேர்ப்பு நடந்தது. கப்பற் செலவுக்குத் தீவின் அரசாங்கமே கடன் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தது. வெயிலையும் தென்னையையும் விட்டு அவர்கள் ஏன் மூடுபனிக்குச் சென்றனர்? காலநிலையை உண்டு பசியாற முடியாதன்றோ? சிறிய தீவில் தொழில்கள் சில; அவற்றை நாடுவோர் பலர்.

ஆகவே, அத்தீவு நல்லதா, தீயதா என்னும் வினாவுக்கு முன்னே கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. செல்பவரின் வருவாய் எங்கிருந்து வருகின்றது? வெளியூர் ஓய்வூதியத்தையோ வெளிநாட்டுச் சம்பளத்தையோ நம்பிச் செல்பவர்க்குத் தீவு இனியது. விலைவாசி அவரை வருத்தினாலும் வீழ்த்தாது. தீவுக்குள்ளேயே வருவாயைத் தேடவேண்டியவர்க்கு அதே தீவு ஒடுங்கியது. உள்ளூரிலே தொழில் பார்த்தல் ஆகாது என்று அரசாங்கம் விதித்த நிபந்தனையின் உட்பொருள் இதுவே. தன் பிள்ளைகளுக்கே போதாத வேலையை விருந்தினர்க்கு எவ்வாறு பகிர்வது?

வெளியிலிருந்து பணம் கொணர்வோரும் தம்மால் விளைவதை அறிதல் வேண்டும். அமெரிக்க டொலரிற் சம்பாதிப்பவர் வீடு தேடும்போது வாடகை ஏறும். நிலம் தேடும்போது நிலவிலை ஏறும். செயின்ற் யேம்ஸ் என்னும் மேற்குக் கரைப் பகுதியிற் செல்வர் மாளிகைகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. கடற்கரை பொதுமக்களுக்கு உரியதென்பது சட்டம். ஆயின் கட்டடங்கள் மதிலோடு மதிலாக எழுந்தபின், அக்கரைக்குச் செல்லும் வழியே அருகிவிட்டது. பாட்டனார் பனாமாவில் மண் சுமந்து வாங்கிய துண்டு நிலத்தின் அருகே, பேரன் அதேயளவு நிலம் வாங்க இயலாதவனாக நிற்பானாயின், குடியேறியவரின் நன்மை மற்றொருவரின் தீமையாயிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

பிள்ளைகளோடு செல்வோர் எண்ணவேண்டிய ஒன்று இன்னும் உண்டு. பாபடோஸ் ஏற்கெனவே மக்கள் நெருங்கிய தீவாகையால், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கவில்லை. ஆனால் வடமேற்கே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட மார்த்தினீக்குக்கு 1853 முதலும், குவாதலூப்புக்கு 1854 முதலும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழர் பலர் கரும்பு வெட்டச் சென்றனர். குவாதலூப்புக்கு மட்டும் 40,000 க்கு மேற்பட்ட இந்தியர் சென்றனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அம்மனின் பெயர் அவர்கள் நாவில் மாலியெமின் எனத் திரிந்து வழங்குகின்றது. ஆனால் வீட்டிலே பேசும் தமிழ் மறைந்துவிட்டது. கட்டாயத்தின் நடுவே சென்றோர்க்கு நேர்ந்தது இது. விரும்பிச் செல்வோரும் இதனின்று பாடம் கற்கலாம். முதல் தலைமுறை ஊரை நினைத்திருக்கும். இரண்டாம் தலைமுறை தீவின் பேச்சைப் பேசும். மூன்றாம் தலைமுறை தீவின் பிள்ளைகளாகிவிடும். அது குற்றமன்று. ஆயினும் அது நிகழும் என்பதை அறிந்தே கப்பலேறுதல் வேண்டும். தீவின் பிள்ளைகளானபின், தொழில் தேடித் தீவை விட்டு வெளியேறும் முறையும் அவர்களுக்கு வந்துசேரும்.

இங்கு கூறியவற்றால் எவரையும் தடுப்பது நோக்கமன்று. செல்ல விரும்புவோர் சில முறைகளைக் கைக்கொள்வாராயின் ஏமாற்றம் குறையும். திசெம்பரிற் சென்று தீவை மதிப்பிடாது, செப்தெம்பரிற் சென்று மதிப்பிடல் வேண்டும். நிலம் வாங்குமுன் ஓராண்டு வாடகை வீட்டில் இருத்தல் வேண்டும். அவ்வீட்டிற் புயல் தாங்கும் கூரையும் மழைநீர்த் தொட்டியும் உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும். நோய்க்கான காப்புறுதியையும், அவசரமாக ஊர் திரும்ப விமானச் செலவுக்குரிய பணத்தையும் தனியே வைத்திருத்தல் வேண்டும். அயலாரின் சந்தையில் வாங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வணக்கம் கூறும் முறையைக் கற்றல் வேண்டும். இவற்றுக்கு மனம் இசையாதவர் பத்து நாட்கள் விருந்தினராகச் சென்று மகிழ்ந்து மீள்வதே அவருக்கும் நல்லது, தீவுக்கும் நல்லது.

தொடக்கத்திற் கூறிய படத்தில் நிழலிலே ஒரு வெற்று நாற்காலி இருந்ததன்றோ? புயல் எச்சரிக்கை ஒலித்தவுடன் அந்நாற்காலியை எவரேனும் எடுத்து வீட்டினுள் வைத்தல் வேண்டும். விருந்தினர்க்காக விடுதி வேலையாள் அதனை எடுத்து வைப்பார். குடியேறியவரோ தம் நாற்காலியைத் தாமே எடுத்து வைத்து, சன்னல்களுக்குப் பலகை அடித்து, பின் அயல்வீட்டு முதியவரின் கதவையும் தட்டி, அவருக்குத் தண்ணீரும் விளக்கும் உண்டா என விசாரித்து வருவார். அவ்வாறு செய்யும் நாள் வரை ஒருவர் அத்தீவில் தங்கியவரே. அன்று தொட்டே அவர் அங்கு வாழ்பவராவார். அந்த மனம் உடையவர்க்குத் தீவின் தீமைகள் தாங்கத்தக்கவை. அதன் நன்மைகளும் அவருக்கே உரியவை.